ஆநிரை காத்த அரசர்

மாடு என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். பண்டைத் தமிழர் ஆநிரையையே பெருஞ்செல்வமாகக் கருதினர். பகைவர் நாட்டின்மீது போர் தொடுக்க எண்ணிய வேந்தன், முதற்கண் அந்நாட்டு ஆநிரையைக் கவர்ந்தான். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்த நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் நூல்கள் கூறும். நிரை மீட்கும் போரில் உயிர் துறந்த வீரருக்கு ஊரார் நடுகல் நாட்டி வழிபட்டனர். அத்தகைய நடுகற்களை இன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் காணலாம்.

ஆநிரையைக் கவர்ந்த மன்னர் பலர்; மீட்ட மன்னரும் பலர். ஆயின், எவ்வினத்து மாடு உழைப்பிற்கு ஏற்றது, எக்காளையின் கன்று வலிமை மிக்கது, எந்நிலத்துப் புல் எப்பருவத்தில் பயன் தருவது என்பனவற்றையெல்லாம் கருதி, அதற்கெனச் சட்டம் வகுத்த மன்னர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், மைசூர் நாட்டை ஆண்ட திப்பு சுல்தான். அவரை நாம் வாள்வீரராக அறிவோம்; புலியைத் தம் சின்னமாகக் கொண்டவர் என்றும் அறிவோம். அப்புலி மன்னர் எருதுகளைப் பேணி வளர்த்த வரலாற்றை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திப்பு 1750-ஆம் ஆண்டில், பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியிற் பிறந்தார். அவருடைய தந்தை ஐதர் அலி, அந்நாளில் மைசூர் அரசரிடம் பணிபுரிந்த படைத்தலைவருள் ஒருவர். ஆர்க்காட்டில் அடக்கமாகியிருந்த திப்பு மஸ்தான் என்னும் பெரியாரின் பெயரையே பெற்றோர் தம் மகனுக்கு இட்டனர்.

ஐதர் அலியின் வாழ்வில் ஏற்றம் தந்த ஊர், மதுரைக்கு வடக்கே உள்ள திண்டுக்கல் ஆகும். 1755-ஆம் ஆண்டில் அவர் திண்டுக்கல்லின் பௌஜுதாராக, அஃதாவது படைப்பொறுப்புடைய ஆட்சித் தலைவராக, அமர்த்தப்பெற்றார். சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் பெரும்பாறையும், அதன் உச்சியில் அமைந்த கோட்டையும் அவர் பொறுப்பில் வந்தன. அக்கோட்டையிலிருந்து தெற்கே நோக்கினால் மதுரை வரை வெளி நிலமே பரந்து கிடக்கும். மழை பெய்தால் பசுமை போர்த்தும் அந்நிலம், கோடையிற் செம்மண் தூசி பறக்கும் வறுநிலமாகும். அங்கே ஐதர் அலி பிரெஞ்சுக்காரரின் துணையுடன் படைக்கலச் சாலை அமைத்தார். பீரங்கிப் படையையும் பெருக்கினார்.

பீரங்கி இருந்தால் மட்டும் போதாது. அதனை இழுத்துச் செல்ல ஆற்றல் வேண்டும். அக்காலத்தில் உந்துவண்டி இல்லை, புகைவண்டியும் இல்லை. தென்னாட்டில் நல்ல குதிரைகள் அரியனவாக இருந்தன. அவற்றைக் கடல் கடந்து வந்த வணிகரிடம் பெரும்பொருள் கொடுத்தே பெறவேண்டும். ஆகவே, பீரங்கியையும் வெடிமருந்தையும் அரிசி மூட்டைகளையும் எருதுகளே இழுத்தன, எருதுகளே சுமந்தன. எருது நடந்தால் படை நடக்கும். எருது படுத்தால் படையும் படுத்துவிடும். இவ்வுண்மையை ஐதர் அலி நன்குணர்ந்தார். அவருடைய மைந்தரும் அதனை இளமையிலேயே கண்டறிந்தார்.

ஐதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். தமக்கு வாய்க்காத கல்வி தம் மகனுக்கு வாய்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆதலின் ஆசிரியர்களை அமர்த்திப் பாரசீகம், கன்னடம், உருது முதலிய மொழிகளைத் திப்புவுக்குக் கற்பித்தார். குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் உடன் நடைபெற்றன. 1767-ஆம் ஆண்டில் ஆங்கிலேயருடன் முதற்போர் மூண்டபொழுது, ஏறத்தாழப் பதினேழு வயதினரான திப்பு, குதிரைப் படையொன்றை நடத்திச் சென்னையின் புறப்பகுதி வரை சென்று மீண்டார்.

வெண்ணெய்ச் சாவடி

மைசூர் நாட்டின் மாட்டுச் செல்வம் ஒரே நாளில் உண்டானதன்று. ஒரே மன்னரால் உண்டானதுமன்று. விசயநகரப் பேரரசின் சார்பாகச் சீரங்கப்பட்டணத்தில் ஆட்சி புரிந்தோர் தேர்ந்த ஹள்ளிகார் இனப் பசுக்களை அங்குக் கொணர்ந்தனர். பின்னர் அந்நகரம் மைசூர் உடையார் மரபினர் கைக்கு வந்தபொழுது அப்பசுக்களும் அவர்களைச் சேர்ந்தன. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராய உடையார், அம்மந்தைகளைப் பெருக்கி, அவற்றிற்கெனத் தனித்துறை ஒன்றை அமைத்தார். அதன் பெயர் பெண்ணெச் சாவடி என்பது. கன்னடத்திற் பெண்ணெ என்றால் வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்குவதே அத்துறையின் முதன்மையான பணியாக இருந்தது.

மந்தைகள் மேய்வதற்கென நாட்டின் பல பகுதிகளிலும் புல்நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவை காவல் என்று வழங்கப்பெற்றன. பிறர் புகாதவாறு காக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றன. தமிழிலும் கன்னடத்திலும் ஒருங்கே வழங்கும் அச்சொல், அந்நிலத்தின் இயல்பையே நமக்குக் கூறிவிடுகின்றது. புல் தானே வளரும். ஆயினும் அதனைக் காப்பவர் இல்லையேல் அது நிலைபெறாது.

ஐதர் அலி ஆட்சியைக் கைக்கொண்ட பின்னர், வெண்ணெய் தந்த துறை போருக்கும் எருது தரும் துறையாயிற்று. அவர் தாம் வென்ற பாளையக்காரரிடமிருந்து தேர்ந்த மாடுகளைப் பெற்று மந்தைகளிற் சேர்த்தார். சித்திரதுர்க்கப் பகுதியின் மாடுகள் அவ்வாறு வந்து சேர்ந்தனவே. ஹாகல்வாடிப் பாளையக்காரரின் புகழ் பெற்ற மந்தையைப் பிற்காலத்தில் திப்பு சேர்த்தார். ஹள்ளிகார், ஹாகல்வாடி, சித்திரதுர்க்கம் என்னும் இம்மூன்று வழிகளும் கூடியே மைசூரின் பேர்பெற்ற மாட்டினம் உருவாயிற்று.

எருதின் நடையும் போரின் முடிவும்

அவ்வினத்து எருதின் தோற்றம் காண்பார் கண்ணைக் கவரும். சாம்பல் நிறமும், இறுகிய உடலும், நீண்ட முகமும், பின்னோக்கி எழுந்து கூர்மையாக முடியும் கொம்புகளும் அதன் அடையாளங்கள். கால்கள் மெலிந்தவை, எனினும் உறுதி மிக்கவை. குளம்புகள் சிறியவை, கல் நிறைந்த நிலத்திலும் தேயாதவை. அவ்வெருதுகள் சினமும் விரைவும் உடையவை. காலாட்படையின் நடையை விட அவற்றின் நடை விரைவானது என்று படைத்துறையினர் வியந்தனர். பசுக்கள் தரும் பாலோ சிறிதளவே. ஓரினத்திடம் எல்லா நலனையும் எதிர்பார்த்தல் இயலாது. உழைப்பிற்கெனத் தேர்ந்து வளர்க்கப்பெற்ற இனம், பாலில் மிகுதல் அரிது.

1781-ஆம் ஆண்டில் சர் அயர் கூட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் சிதம்பரத்தைத் தாக்கினார். அச்செய்தி கேட்ட ஐதர் அலி, ஏறத்தாழ நூறு மைல் தொலைவை இரண்டரை நாளிற் கடந்து, தம் படையையும் பீரங்கிகளையும் அங்குக் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்துப் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்த போரில் அவர் தோல்வியுற்றார். எனினும், அவருடைய பீரங்கிகள் பகைவர் கையிற் சிக்கவில்லை. எருதுகள் அவற்றை இழுத்துக்கொண்டு களத்தினின்று விரைந்தகன்றன. அக்காலப் போரிற் பீரங்கியை இழத்தல் பேரிழப்பு. தோற்றவர் தம் பீரங்கியுடன் மீள்வாராயின் மறுபோருக்கு எழக்கூடும். ஐதர் அலியின் தோல்விகள் அழிவாக முடியாமற் காத்தவை அவ்வெருதுகளே எனலாம்.

1782-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஐதர் அலி சித்தூருக்கு அருகே, போர்ப் பாசறையிலேயே உயிர் நீத்தார். மலையாளக் கரையில் போரிட்டுக்கொண்டிருந்த திப்பு விரைந்து வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஏற்ற சில திங்களிலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெத்தனூரை ஆங்கிலேயர் கைப்பற்றினர் என்னும் செய்தி வந்தது. கீழ்க்கரையில் இருந்த படையை மேற்கு மலைக்கு நடத்த வேண்டும். இடையே தீபகற்பத்தின் அகலம் முழுவதும் கிடந்தது. ஒரு திங்களில் அவர் அதனைக் கடந்து 1783-ஆம் ஆண்டில் பெத்தனூரை மீட்டார். அந்நெடுநடையும் மைசூர் எருதுகளின் துணையாலேயே கைகூடியது.

அமிர்த மகால்

போரிற் கண்ட பயனை அமைதியிற் பெருக்க வேண்டும் என்று திப்பு கருதினார். பெண்ணெச் சாவடி என்னும் பழைய துறைக்கு அமிர்த மகால் என்னும் புதுப்பெயரிட்டார். மந்தைகளைப் பேணும் முறை பற்றிய ஆணைகளை எழுத்து வடிவில் தொகுத்து, ஹுக்கும்நாமா என்னும் விதிநூலாக வெளியிட்டார். அதுவரை இடையரின் நினைவிலும் வழக்கத்திலும் இருந்த அறிவு, அரசின் சட்டமாயிற்று. அவருக்குப்பின் அத்துறையை நடத்திய ஆங்கில அலுவலர்களும் அவ்விதிகளிற் பலவற்றைப் பின்பற்றினர் என்பதே அவற்றின் சிறப்புக்குச் சான்றாகும்.

அமிர்த மகாலின் அடிப்படை இரண்டு. ஒன்று மேய்ச்சல் நிலம், மற்றொன்று இனத்தேர்வு.

மேய்ச்சல் நிலங்கள் பருவத்திற்கு ஏற்ப மூவகையாகப் பகுக்கப்பட்டன. கோடைக்கு உரியவை ஒரு வகை. மழைக்காலத்திற்கு உரியவை ஒரு வகை. குளிர்காலத்திற்கு உரியவை மற்றொரு வகை. கோடைக் காவல்கள் பெரும்பாலும் ஏரிகளின் உட்பகுதிகளாக இருந்தன. நீர் வற்ற வற்ற அங்கே பசும்புல் தழைக்கும். மாடுகள் பருகச் சிறிது நீரும் எஞ்சியிருக்கும். நண்பகலில் தங்க மரநிழலும் இருக்கும். மழை தொடங்கியதும் மந்தைகள் மேட்டு நிலக் காவல்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. ஒரு பருவத்துக் காவலில் மந்தை மேயும்பொழுது, மற்றப் பருவங்களுக்குரிய காவல்கள் வெறுமையாக விடப்பட்டன.

இவ்வாறு விடுதல் எதற்காக? புல்லும் பயிரே. அது தளிர்த்து, கதிர் விட்டு, விதை முற்றி, அவ்விதை நிலத்தில் உதிர்ந்தால்தான் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். இடைவிடாது மேய்ந்தால், முதலில் மாடு விரும்பியுண்ணும் நற்புல் அழியும். பின்னர் அது தீண்டாத களையும் முள்ளும் பெருகும். இறுதியில் வெறுந்தரையே எஞ்சும். நிலத்திற்கு ஓய்வளித்தல் அடுத்த ஆண்டுக்கு விதை விதைத்தல் போன்றதாகும். கலப்பையும் கூடையும் கொண்டு விதைக்காமல், காலமும் கட்டுப்பாடும் கொண்டு விதைக்கும் முறை இது.

இனத்தேர்வும் அவ்வாறே ஒழுங்குடன் நடைபெற்றது. ஒவ்வொரு மந்தையின் மாடுகளுக்கும் சூடு இட்டு அடையாளம் செய்தனர். ஆண்டுதோறும் மந்தைகளைக் கூட்டிக் கணக்கெடுத்தனர். உடற்கட்டும் நிறமும் நடையும் குறைவற அமைந்த காளைகளையே பொலிகாளைகளாக மந்தையில் நிறுத்தினர். ஏனைய ஆண்கன்றுகளைக் காயடித்து உழைப்பிற்குரிய எருதுகளாக்கினர். எளிய காளை ஒன்று மந்தையில் தங்கிவிடுமாயின், அதன் குறை நூறு கன்றுகளிற் பரவும். ஆதலின் தேர்வில் தளர்ச்சிக்கு இடமில்லை. திப்பு தம் ஆட்சிப் பணிகளுக்கிடையே சில மந்தைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கு நேரிற் சென்றதுண்டு. நன்கு பேணியவர்க்குப் பரிசளித்து ஊக்கினார் என்றும் கூறுவர்.

மந்தைகள் திறந்த வெளியில், ஏறக்குறையக் காட்டு விலங்குகளைப் போலவே வளர்ந்தன. ஆதலின் இளவெருதுகளைப் பிடித்துப் பழக்குதல் எளிதான செயலன்று. நான்காம் வயதளவில் அவற்றை மந்தையினின்று பிரித்து, கயிறிட்டுப் பழக்கத் தொடங்குவர். ஏழாம் வயதில் அவை முழு வலிமை பெறும். பன்னிரண்டு வயது வரை அவ்வலிமை நிற்கும். பதினான்கு, பதினைந்து வயது வரை வேலை செய்யும். இன்று பிறந்த கன்று படைக்குப் பயன்பட ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலப்படும். அத்துணைக் காலம் முன்னோக்கிச் சிந்திப்பவரே நல்ல மாட்டினத்தை உருவாக்கக் கூடும்.

படையின்பாற் செலுத்திய கருத்தை உழவரின்பாலும் திப்பு செலுத்தினார். நிலவரி பற்றி அவர் விடுத்த ஆணைகளில், அமில்தார்கள் ஊர்தோறும் சென்று உழவரின் நிலையை அறிய வேண்டும் என்றும், ஏரும் மாடும் இல்லாத ஏழை உழவருக்கு முன்பணம் அளிக்க வேண்டும் என்றும், தரிசு நிலத்தைத் திருத்துவோருக்கு வரியில் சலுகை தரவேண்டும் என்றும் காணப்படுகின்றன. பட்டுப்புழு வளர்ப்பை மைசூரிற் பரப்பியவரும் அவரே.

புல் வென்ற போர்

1790-ஆம் ஆண்டில் மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. அவ்வாண்டிலேயே திண்டுக்கல் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். தளபதி மெடோசு கோயம்புத்தூர்ப் பகுதியில் முன்னேறியபொழுது, திப்பு கணவாய் வழியே இறங்கி வந்து அவரைத் தடுத்தார். அப்போரின்போது அவருடைய படை இரண்டு நாளில் 63 மைல் நடந்தது என்று வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர்.

மறு ஆண்டில் ஆங்கிலத் தலைமை ஆளுநர் காரன்வாலிசு பெரும்படையுடன் தாமே வந்தார். 1791-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெங்களூரைப் பிடித்தார். மே திங்களில் சீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். அரக்கெரே என்னுமிடத்தில் நிகழ்ந்த போரிலும் வெற்றி கண்டார். தலைநகரின் மதில்கள் கண்ணெதிரே தோன்றின. ஆயினும், அவரால் மேலே செல்ல இயலவில்லை. வரும் வழியெங்கும் புல்லும் வைக்கோலும் திப்புவின் ஆணைப்படி அழிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலப் படையின் எருதுகள் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. கோட்டையைத் தகர்க்கக் கொணர்ந்த பெரும் பீரங்கிகளை இழுக்க ஒரு மாடும் இல்லாத நிலை ஏற்பட்டது. வெற்றி பெற்ற காரன்வாலிசு, தம் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். வாளால் தோற்ற திப்பு, அன்று புல்லால் வென்றார்.

அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் பாடம் கற்றனர். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளுடன் ஊர் ஊராகத் தானியம் விற்ற பிரிஞ்சாரி வணிகரைத் தம் துணைக்கு அழைத்தனர். மராட்டியரும் நிசாமும் அவர்களுடன் சேர்ந்தனர். 1792-ஆம் ஆண்டில் திப்பு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. நாட்டிற் பாதியை அவர் இழந்தார். திண்டுக்கல், பாராமகால், மலையாளம் ஆகிய பகுதிகள் ஆங்கிலேயர்க்கு உரியனவாயின. மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமாக விதிக்கப்பட்டது. அதற்குப் பிணையாக அவருடைய இளமைந்தர் இருவர் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். தொகையைச் செலுத்தி 1794-ஆம் ஆண்டில் திப்பு தம் மைந்தரை மீட்டார்.

திப்புவின் போர்களால் அண்டை நாட்டு மக்கள் பலர் அல்லலுற்றனர். குடகிலும் மலையாளத்திலும் எண்ணற்றோர் ஊரும் உறவும் இழந்தனர். வரலாறு அதனையும் மறைப்பதில்லை. பெருஞ்செயல் புரிந்தோரின் நிறையுடன் குறையையும் அறிவதே நேர்மையான கல்வியாகும்.

1799-ஆம் ஆண்டு மே திங்கள் 4-ஆம் நாள், ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தின் மதிலை உடைத்து உட்புகுந்தது. திப்பு ஓடி ஒளியவில்லை. கோட்டை வாயிலருகே போர் வீரருள் ஒருவராக நின்று பொருது மாண்டார். மறுநாள் அவர் உடல் தந்தையின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பெற்றது.

அரசருக்குப் பின்

அரசர் மறைந்தார், மந்தைகள் எஞ்சின. அவை வென்றவர் கைக்கு வந்தன. பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெசுலி, மைசூர் எருதுகளைக் கொண்டே மராட்டியப் போர்களில் தம் படையை விரைந்து நடத்தினார். பல ஆண்டுகளுக்குப்பின் ஐரோப்பாவில் போரிட்ட காலத்தும் அவ்வெருதுகள் தம்மிடம் இல்லையே என்று அவர் ஏங்கினார் என்பர்.

ஆயினும், விதியும் காவலும் தளர்ந்தமையால் மந்தைகள் சீர்கெட்டன. பதினான்கு ஆண்டுகளுக்குள் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது, தரமும் குறைந்தது. 1813-ஆம் ஆண்டில் சென்னைப் படைத்துறையைச் சேர்ந்த ஆர்வி என்பவர் பொறுப்பேற்றுப் பழைய முறைகளை மீண்டும் கைக்கொண்ட பின்னரே அவை தேறின. 1860-ஆம் ஆண்டில் சிக்கனம் கருதிய அரசு, துறையையே கலைத்து மந்தைகளை விற்றுவிட்டது. சில ஆண்டுகளில் படைக்கு நல்லெருது கிடைக்காத நிலை தோன்றவே, 1866-ஆம் ஆண்டில் அத்துறையை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. இருநூறு ஆண்டுகள் தேடிச் சேர்த்த செல்வத்தை ஓராண்டில் விற்றுவிடலாம். விற்றதை மீண்டும் சேர்த்தலோ எளிதன்று.

இன்று கருநாடக மாநிலத்தில் அஜ்ஜம்புராவில் அமிர்த மகால் இனத்தைக் காக்கும் பண்ணை ஒன்று உள்ளது. பழைய காவல் நிலங்களிற் பல, வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டன. பீரங்கி இழுக்க இன்று எருது வேண்டுவதில்லை. ஏரிழுக்கவும் பொறி வந்துவிட்டது. எனவே, அவ்வினத்து மாடுகள் எண்ணிக்கையில் அருகி வருகின்றன.

நம் நாட்டு நிரைகள்

திப்புவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொங்கு நாட்டில், காங்கேயம் மாடுகள் புகழ் பெற்றவை. மைசூர் மாடுகளுக்கு உறவுடையனவாக அறிஞர் அவற்றைக் கருதுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் அவ்வினத்தைத் தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்துச் சிறப்பித்தார். அங்குள்ள உழவர் தம் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பர். சுற்றிலும் முள்கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். இதுவே கொறங்காட்டின் அமைப்பு. கொழுக்கட்டைப் புல் வறட்சிக்கு அஞ்சாதது. மழைக்கு முன்னர் அதன் விதையை மண்ணில் ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவுவர். அது வேரூன்றும் வரை மாடு புகாமற் காப்பர். பின்னர் ஒரு காட்டை மேயவிட்டு மறு காட்டிற்கு ஓய்வளிப்பர். கோடையிற் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் மாட்டிற்கு உணவாகும். அரசர் பெருநிலத்திற் செய்ததை உழவர் சிறுநிலத்திற் செய்கின்றனர்.

மதுரைச் சமவெளியின் மாடு புளிகுளம் ஆகும். மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் இடையர் இம்மாடுகளை நூற்றுக்கணக்கில் மந்தையாக ஓட்டிச் செல்வர். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் அவற்றைக் கிடை போடுவர். சாணமும் கோமியமும் அவ்வயலுக்கு உரமாகும். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் தைத்திங்களிற் சல்லிக்கட்டுக் களத்திற் பாயும் காளைகளுள் இவ்வினத்தவை சிறப்பிடம் பெறுகின்றன. களத்தில் நாம் காண்பது காளையின் ஒரு நொடிப் பாய்ச்சல். அதன் பின்னே, வெயிலிலும் மழையிலும் மந்தையுடன் நடந்த இடையரின் பல தலைமுறை உழைப்பு உள்ளது. அவர் நடந்து சென்ற மேய்ச்சல் புறம்போக்குகளும் கண்மாய்க் கரைகளும் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றன. மேய நிலமில்லையேல் மந்தையில்லை. மந்தையில்லையேல் களத்திற் காளையுமில்லை.

மாணவர்களே! திப்பு சுல்தானின் வாளும் அரியணையும் அவருடன் நிலைத்து நிற்கவில்லை. அவர் கட்டிய மதில்களை ஆங்கிலேயரின் பீரங்கிகள் தகர்த்தன. பகைவராலும் போற்றப்பட்டு, அவருக்குப்பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டவை, அவர் பேணிய மந்தைகளும் அவர் வகுத்த விதிகளுமே. புல்லைக் காத்தவரே ஆவைக் காத்தவர். ஆவைக் காத்தவரே நாட்டின் செல்வத்தைக் காத்தவர். நம் ஊர்ப் பொதுநிலத்தில் முளைக்கும் ஒவ்வொரு புல்லும், நம் ஊர் மந்தையில் நிற்கும் ஒவ்வொரு நாட்டுமாடும் முன்னோர் நமக்கென விட்டுச்சென்ற செல்வம் என்பதை உணர்ந்து, அவற்றைப் பேணுதல் நம் கடமையாகும்.